கரண்டு எப்போது வரும்? பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்!

காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலை இருக்கிறது. மலை மேல் முருகன் கோவில். கோவிலுக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்கு "ஆண்டவன் உத்தரவுப் பெட்டி" என்று பெயர்.

பக்தர் ஒருவரின் கனவில் ஆண்டவன் வருகிறார். "இன்ன பொருளைக் கொண்டு போய் வை" என்கிறார். பக்தர் கோவிலுக்கு வந்து சொல்கிறார். சன்னதியில் பூப்போட்டுக் கேட்கிறார்கள். உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் பெட்டிக்குள் போகிறது. அடுத்த பக்தருக்குக் கனவு வரும் வரை அங்கேயே இருக்கிறது.

பெட்டியில் பொருள் மட்டும்தான் இருக்கும். விளக்கம் இருக்காது. மஞ்சள் வைத்தால் "விலை ஏறும்" என்பார் ஒருவர். "இறங்கும்" என்பார் இன்னொருவர். டீக்கடையில் இரண்டு நாள் பேச்சு அதுதான்.

ஆண்டவன் அப்படிச் சொல்லலாம். மின்சார வாரியம் அப்படிச் சொல்லலாமா?

பட்டப் பகலில் கரண்டு போகிறது. எதற்குப் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. "டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது" என்பார் எதிர் வீட்டுக்காரர். "படியூர்ப் பக்கம் மரம் விழுந்துவிட்டதாம்" என்பார் பால்காரர். "சென்னையிலேயே கரண்டு இல்லையாம்" என்பார் எல்லாம் தெரிந்த ஒருவர். உத்தரவுப் பெட்டியைப் போலத்தான்! அணைந்த விளக்கு தொங்குகிறது. விளக்கத்தை ஊர் சொல்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். வாரியம் வெளியிடும் "நாளைய மின்தடை" அறிவிப்பு நல்ல அறிவிப்பு. எந்தத் துணை மின் நிலையம், எந்தெந்த ஊர், காலை எத்தனை மணி முதல் மாலை எத்தனை மணி வரை என்று எல்லாம் அதில் இருக்கும். பத்திரிகையில் முதல் பக்கத்தைப் படிக்காதவர்கள்கூட அதைப் படிப்பார்கள். அதைப் பார்த்து மாவு ஆட்டுகிறோம். தொட்டியில் தண்ணீர் ஏற்றுகிறோம். சர்க்கார் எழுதும் எழுத்திலேயே வீட்டுப் பெண்கள் நம்பிப் படிப்பது இந்த நாலு வரியைத்தான் என்பது என் எண்ணம்.

தொல்லை வருவது சொல்லாமல் போகும் கரண்டால்தான்.

யார் காத்திருக்கிறார்கள்?

காங்கேயத்தில் கரண்டு என்பது வீட்டு விளக்கு மட்டும் அல்ல. இங்கே அரிசி ஆலைகள் இருக்கின்றன. ஊறப்போட்ட நெல் அளவுக்கு மேல் ஊறினால் வாடை வந்துவிடும். தேங்காய்ப் பருப்புக் களங்கள் இருக்கின்றன. எண்ணெய் ஆலைகள் இருக்கின்றன. வெள்ளகோவில் பக்கம் விசைத்தறிகள். தறிக்காரருக்கு மீட்டர் கணக்கில் கூலி. தறி நின்றால் கூலியும் நிற்கும். தோட்டத்தில் இருப்பவர் மோட்டாருக்கு எப்போது கரண்டு வரும் என்று பார்த்து, ராத்திரியில் டார்ச் லைட்டோடு கிணற்றுக்குப் போகிறார். வழியில் பாம்பு கிடக்கும்.

2012-ம் ஆண்டு பலருக்கு நினைவு இருக்கும். சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல்கூட கரண்டு இல்லாமல் இருந்தது. அன்று ஜனங்கள் திட்டியது இருட்டை மட்டும் அல்ல. "எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்றுதான் அதிகம் திட்டினார்கள். நேரம் தெரிந்தால் தறிக்காரர் தூங்கி எழுந்து வருவார். தெரியாவிட்டால் தறிக்குப் பக்கத்திலேயே குந்திக் கிடப்பார். வேலையும் இல்லை, தூக்கமும் இல்லை.

அப்போது ஜனங்கள் யாரைக் கேட்டார்கள்? லைன்மேனைத்தான்.

"ஏனுங்க, கரண்டு எப்ப வருமுங்க?"

"வந்துருமுங்க. வேலை நடந்துட்டு இருக்குதுங்க."

பாவம், அவர் என்ன சொல்வார்? அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கம்பம் ஏறுவது அவர் வேலை. ஜனங்களுக்குப் பதில் சொல்வதும் அவர் தலையில் விழுந்துவிட்டது. அதற்குச் சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் உண்டு.

அந்த உத்தியோகம் என்ன?

பதில் சொல்வதற்கென்றே ஓர் உத்தியோகம் இருக்கிறது. அதற்கு மக்கள் தொடர்பு அதிகாரி என்று பெயர்.

பெண் வீட்டார் வரன் பார்க்கும்போது, "மாப்பிள்ளை என்ன வேலைங்க?" என்று கேட்கிறார்கள். "மக்கள் தொடர்பு அதிகாரி" என்றால் முழிக்கிறார்கள். வாத்தியார் தெரியும். தாசில்தார் தெரியும். இது என்ன வேலை? மந்திரி வந்தால் போட்டோ எடுக்க ஏற்பாடு செய்பவர். கலெக்டர் பேசியதைப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுப்பவர். பலரும் இவ்வளவுதான் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை. அந்த அதிகாரிகளின் நேரத்தில் பெரும்பகுதி அதிலேதான் போகிறது.

ஆனால் இந்தத் தொழில் பிறந்த கதையே வேறு.

1906-ம் ஆண்டு. அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி என்ற ஊரில் ஒரு ரெயில் பாலத்தில் இருந்து தண்ணீருக்குள் விழுந்தது. 50 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தக் காலத்து ரெயில் கம்பெனிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. விபத்து நடந்தால் மூடி மறைப்பார்கள். பத்திரிகைக்காரர்களைக் கிட்டே விட மாட்டார்கள். பென்சில்வேனியா ரெயில்ரோடு என்ற அந்தக் கம்பெனிக்கு ஐவி லீ என்பவர் ஆலோசகராக இருந்தார். அவர் பழைய வழக்கத்தை மாற்றினார். நடந்ததை எழுதி எல்லாப் பத்திரிகைகளுக்கும் அனுப்பினார். நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப் போகச் செய்தார். இன்று எல்லா இலாகாக்களும் வெளியிடும் "பத்திரிகைக் குறிப்பு"க்கு அதுதான் ஆரம்பம் என்கிறார்கள்.

கதை இதோடு முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. 1914-ம் ஆண்டில் லட்லோ என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கூடார முகாம் தாக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் மாண்டார்கள். அதன் பிறகு சுரங்க முதலாளியான ராக்பெல்லருக்காக இதே ஐவி லீ துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டார். அவற்றில் உண்மை அல்லாத சங்கதிகளும் இருந்தன. எழுத்தாளர் அப்டன் சிங்ளேர் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார். ஐவி என்பது ஆங்கிலத்தில் ஒரு கொடியின் பெயர். சிங்ளேர் அவரை "நச்சுக்கொடி" என்று அழைத்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஒரே ஆள்தான். 1906-ல் கதவைத் திறந்தார். 1914-ல் திரை போட்டார். மக்கள் தொடர்பு அதிகாரியாக வருகிறவர்களுக்கு இந்த இரண்டு வழியும் இன்றும் திறந்தே இருக்கிறது. "ஒன்றும் நடக்கவில்லை என்று எழுது" என்று மேலதிகாரி சொல்லும் நாள் ஒன்று வரும். அன்று கை நடுங்காமல் "நடந்ததை எழுதுகிறேன் சார்" என்று சொல்ல வேண்டும். லேசான காரியமா? வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். ராமநாதபுரத்துக்கு மாற்றி விடுவார்களே என்ற பயமும் இருக்கிறது.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் வாரியம் ஓர் அறிவிப்புச் செய்கிறது. "அறுந்து விழுந்த மின் கம்பியைத் தொடாதீர்கள். பக்கத்தில் போகாதீர்கள்." இதை ஜனங்கள் நம்பவேண்டும். நம்பாவிட்டால் உயிர் போகும். நேற்று வரை "இன்னும் பத்து நிமிடத்தில் கரண்டு வரும்" என்று பொய் சொன்ன வாய், இன்று உண்மையைச் சொன்னால் எடுபடுமா?

தண்டோராக்காரரும் ரமணனும்

நம் ஊர்களில் அந்த நாளில் இந்த வேலையைத் தண்டோராக்காரர் செய்தார். தப்பு அடித்துக்கொண்டு தெருத் தெருவாக வருவார். வரி கட்டும் தேதியைச் சொல்வார். வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளைச் சொல்வார். அந்த வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி வைத்திருந்தோம். அது நமக்குப் பெருமை அல்ல. 2022-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி கலெக்டர்களுக்கு எழுதினார். வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்றார். செய்ய வேண்டிய காரியம். எப்போதோ செய்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த மனிதரிடம் ஒன்று இருந்தது. அவரை நிறுத்திக் கேள்வி கேட்கலாம். "எந்த மடைக்கு முதல் தண்ணி?" என்று கிழவி கேட்டால், நின்று பதில் சொல்லிவிட்டுப் போவார். ஒலிபெருக்கி வண்டி நிற்பது இல்லை.

சர்க்கார் சொல்வதை ஜனங்கள் ஆசையோடு கேட்ட நாளும் உண்டு. 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி.27 என்ற புது நெல் வந்தது. ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையில் உண்டாக்கிய நெல். திருச்சி வானொலி அதைப்பற்றிப் பல தடவை சொன்னது. விதை எப்படி விடுவது, உரம் எவ்வளவு போடுவது என்று விளக்கியது. கேட்டவர்கள் பயிர் செய்தார்கள். விளைந்தது. நெல்லின் பெயரையே மாற்றி "ரேடியோ நெல்" என்று அழைத்தார்கள்! சொன்னவர் மேல் நம்பிக்கை வந்தால் பெயர்கூட இப்படி மாறும்.

நம் காலத்தில் எஸ்.ஆர்.ரமணனைச் சொல்லலாம். சென்னை வானிலை ஆய்வு மையத்தில் இருந்தார். 2016-ல் ஓய்வு பெற்றார். மழைக் காலத்தில் டெலிவிஷனில் அவர் முகம் தெரிந்தால் போதும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு லீவு உண்டா என்று வாய் பார்த்து நிற்பார்கள். அவர் விஞ்ஞானி. பேச்சு அவர் படித்த படிப்பு அல்ல. ஆனாலும் குழம்பாமல் பேசினார். எந்த மாவட்டத்தில் மழை, எத்தனை மணி நேரத்துக்குள், கனமழையா லேசான மழையா என்று சொன்னார். அவர் சொன்ன மழை சில தடவை வரவில்லை. கேலி செய்தார்கள். மறு நாளும் அதே முகத்தோடு வந்து சொன்னார். அதனால்தான் அவரை வீட்டு மனிதர் போல நினைத்தார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டு ஜனங்களின் செல்லப்பிள்ளை ஆனவர்கள் எத்தனை பேர்? எனக்கு விரல் விட்டு எண்ணத்தான் வருகிறது.

காது எங்கே?

இதுவரை வாயைப்பற்றிச் சொன்னேன். காதைப்பற்றியும் சொல்லவேண்டும்.

1970-ம் ஆண்டில் பம்பு செட்டுக்கான மின் கட்டணம் யூனிட்டுக்குச் சில பைசா உயர்ந்தது. சென்னையில் கணக்குப் போட்டவர்களுக்கு அது சில பைசா. மானாவாரிக் காட்டில் கிணறு வெட்டிக் கடன்பட்டுக் கிடந்தவருக்கு அது பெரும் பாரம். நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை வட்டார விவசாயிகள் கிளம்பினார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 3 விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் மறுபடியும் கட்டணம் ஏறியது. விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கொண்டு வந்து கோவை நகரத்தையே அடைத்தார்கள். கொங்கு நாட்டு வண்டி என்றால் காங்கேயம் காளை இல்லாமலா?

கட்டண உயர்வை அறிவிக்க அன்று ஆள் இருந்தது. "இந்தப் பக்கம் ஜனங்கள் கொதிக்கிறார்கள், உத்தரவு போடுவதற்கு முன் ஒரு தடவை வந்து கேளுங்கள்" என்று மேலே போய்ச் சொல்ல ஆள் இருந்ததா? மக்கள் தொடர்பு என்பதற்கு இந்தப் பாதி வேலையும் உண்டு.

சமீபத்துக் கதையும் இருக்கிறது. கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோ மீட்டர் நீளம். ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாய்கிறது. காங்கேயம் வட்டத்தில் முத்தூர், நத்தக்காடையூர் பக்கம் உள்ளவர்களுக்கு இது வீட்டுக் கதை. 2020-ம் ஆண்டில் சுமார் 710 கோடி ரூபாய் செலவில் வாய்க்காலைச் சீரமைக்க சர்க்கார் உத்தரவு போட்டது. கான்கிரீட் போடும் வேலையும் அதில் இருந்தது. உடனே விவசாயிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். "கடைமடைக்குத் தண்ணீர் வருவது இல்லை, கான்கிரீட் போடுங்கள்" என்றார்கள் ஒரு சாரார். "வாய்க்காலில் கசியும் தண்ணீர்தான் எங்கள் கிணற்றுக்கு ஊற்று; போடாதீர்கள்" என்றார்கள் மற்றவர்கள். வழக்கு, உண்ணாவிரதம் என்று வருடங்கள் ஓடின. அண்ணன் தம்பிகள்கூட எதிர் எதிர் பக்கம் நின்றார்கள்.

இரண்டு சாராரும் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கே கான்கிரீட், எங்கே மண் கரை, கிணற்றுத் தண்ணீருக்கு என்ன கதி என்று படம் போட்டு, ஊர் ஊராக முதலிலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் சண்டை இவ்வளவு முற்றியிருக்காது என்பது என் அபிப்பிராயம். முழுக்கத் தீர்ந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர்ச் சண்டை அப்படித் தீருமா?

அப்படி உட்கார்ந்து பேசியதும் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2004-ம் ஆண்டுவாக்கில் குடிநீர் வடிகால் வாரியத்தில் விபு நய்யர் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியும் சில என்ஜினீயர்களும் ஒரு மாற்றம் செய்தார்கள். "கூடம்" என்று அதற்குப் பெயர். நம் பழைய வீடுகளில் கூடம் இருக்கும் அல்லவா? அந்தக் கூடம்தான். பெரிய என்ஜினீயர், சின்ன என்ஜினீயர் என்ற பேதம் இல்லாமல் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். பிறகு அதே மாதிரி கிராமத்து ஜனங்களோடும் உட்கார்ந்தார்கள். புதுக் குழாய் போடுவதற்கு முன் பழைய கிணற்றைச் சரி செய்யலாமா என்று ஊர்க்காரர்களையே கேட்டார்கள். என்ஜினீயர் வாயை மூடிக்கொண்டு கேட்பது என்றால் சும்மாவா! எனக்குத் தெரிந்த வரையில் சர்க்கார் இலாகாவில் நடந்த பெரிய மக்கள் தொடர்பு வேலை அதுதான். அதைச் செய்தவர்கள் யாருக்கும் மக்கள் தொடர்பு அதிகாரி என்ற பட்டம் இல்லை.

எல்லாம் சென்னையிலா?

மின்சார வாரியம் 1957-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி பிறந்தது. 2010-ல் பிரிந்தது. 2024-ல் மறுபடியும் பிரிந்தது. இப்போது நமக்குக் கரண்டு கொடுப்பது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். பெயர்ப்பலகை எத்தனை மாறினாலும் ஊர் வாயில் "ஈ.பி."தான்.

2021-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் "மின்னகம்" திறந்தார்கள். 94987 94987 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் சென்னையில் டெலிபோன் எடுப்பவருக்கு ஊதியூரில் எந்த வேப்ப மரம் கம்பியில் சாய்ந்தது என்று தெரியாது. புகாரை எழுதிக்கொண்டு இங்கேதான் அனுப்புவார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது. தமிழ்நாடு 1997-லேயே சொந்தமாக ஒரு சட்டம் போட்டது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. மனு கொடுத்தால் 30 நாளில் பதில் வரவேண்டும். கரண்டு எப்போது வரும் என்று கேட்டுவிட்டு 30 நாள் விசிறியோடு உட்கார்ந்திருக்க முடியுமா?

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு மின் கோட்டத்திலும், கோட்ட என்ஜினீயர் ஆபீசிலேயே, ஜனங்களுக்குப் பதில் சொல்ல ஓர் அதிகாரி வேண்டும். இதழியலும் மக்கள் தொடர்பும் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் இந்தப் பக்கத்துப் பேச்சு தெரிந்தவரைப் போடட்டும். வந்த உடனே ஆறு மாதம் லைன்மேனோடு சுற்றட்டும். அப்புறம் நாற்காலியில் உட்காரட்டும். மந்திரி வரும்போது மாலை வாங்கும் வேலையை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள். என்ஜினீயர்கள் கூடிப் பேசும்போது அவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். முடிவு எடுத்த பிறகு கூப்பிட்டால், அதற்கு வெள்ளையடிக்கத்தான் அவரால் முடியும்.

"இதற்கு வேறு சம்பளமா? கழகம் ஏற்கெனவே கடனில் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சம்பளம் கொடுக்க முடியாவிட்டால், ஆபீசில் இருப்பவர்களில் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவருக்கு அந்த வேலையைக் கொடுக்கட்டும். டெலிபோனுக்கு என்று ஓர் ஆள். அவ்வளவுதான்.

அவரிடம் என்னென்ன கேள்வி வரும் தெரியுமா? போன மாதம் தாராபுரம் ரோட்டில் பஸ்சில் போனேன். வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டு இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமி அப்பாவிடம் கேட்டாள்: "ஏனுங்ப்பா, இத்தனை காத்தாடி சுத்துதே, நம்ம வீட்டுல மட்டும் ஏன் கரண்டு இல்லை?" அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. பெரியவர்கள் பலருக்கும் தெரியாது. காற்றாலைக் கரண்டு நேராக நம் வீட்டுக்கு வருவது இல்லை. பெரிய கம்பியில் போய் மற்றக் கரண்டோடு கலக்கிறது. அங்கே இருந்துதான் துணை மின் நிலையம் வழியாக வீட்டுக்கு வருகிறது. சந்தையில் காய் குவிந்து கிடந்தாலும், ஊருக்கு வரும் ரோடு அடைபட்டால் வண்டி வருமா? அதைப்போலத்தான் இதுவும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். இந்தக் கோட்டத்தில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது! மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த அதிகாரி சொல்லலாமே.

இதை எழுதிக்கொண்டு இருக்கும்போது எங்கள் தெருவில் கரண்டு போய்விட்டது. வெளியே போய்ப் பார்த்தேன். முனைக் கம்பத்தின் மேல் லைன்மேன் வேலை செய்துகொண்டு இருந்தார். அவருடைய சட்டைப் பையில் டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க அவருக்குக் கை இல்லை. கீழே நாலு பேர் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஏனுங்ணா, எப்ப வருமுங்க?"